மாச்சய்யா எடுத்த கிணற்றுப் படம்

மடியங்கட குலத்து மாச்சய்யாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொந்தக்காரர்கள் சொல்வது மரியாதைக்காகத்தான். உண்மையில் அந்த வாய்க்குப் பூட்டே கிடையாது. கல்யாண மேடையில் மாப்பிள்ளையைப் பார்த்து, "மூஞ்சியத் தூக்குய்யா, பொண்ணு கட்ட வந்தியா, பன்னி வாங்க வந்தியா?" என்று கேட்கிற வீடியோக்காரன் குடகு நாட்டிலேயே அவன் ஒருவன்தான். இருந்தும் முப்பது வருஷமாக அவனைத்தான் கூப்பிட்டார்கள். திட்டிக்கொண்டே எடுத்தாலும் ஒன்றையும் தவறவிட மாட்டான். சித்தப்பன் கோட்டுக்குள் பாட்டிலை ஒளித்தது, மாமியார் பந்தியில் சம்பந்தியை முறைத்தது எல்லாம் படத்தில் இருக்கும்.

குடகில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் பட்டாளத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பெரிய காப்பித் தோட்டமாவது வைத்திருக்க வேண்டும். மாச்சய்யாவுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. பாதம் தட்டை என்று பட்டாளத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனோடு போய்த் தேர்வான பெரியப்பா மகன் குஷாலப்பா, திரும்பி வரும் பஸ்ஸில் ஊரே கேட்கும்படி, "உனக்கென்னடா குறை, வாத்து மாதிரி குளத்துல நீந்திப் பொழைச்சுக்கலாம்" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பை மாச்சய்யா மறக்கவே இல்லை. கோணிக்கொப்பலில் மளிகைக்கடை மாடியில் ஓர் அறை பிடித்தான். துப்பாக்கி தூக்க வேண்டிய தோளில் காமிராவைத் தூக்கினான்.

குலத்தின் பெரிய வீடு ஐன்மனை. அதற்குக் கீழே சரிவில், சாய்ந்த பலாமரத்தடியில் குலக் கிணறு. மடியங்கட வீட்டுக்கு வாழ வருகிற பெண் அந்தக் கிணற்றில்தான் நீர் மொண்டு, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கல்வழியே ஏறி வாசலுக்கு வர வேண்டும். வர விட்டால்தானே? வாலகக் கொட்டும் குழலும் முழங்க, மாப்பிள்ளை வீட்டார் அவள் முன்னால் ஆடி ஆடி வழியை மறிப்பார்கள். அவள் ஓர் அடி எடுத்து வைத்தால் இன்னொருத்தன் குறுக்கே வந்து நிற்பான். புதுப்பெண்ணுக்குப் பொறுமை உண்டா என்று பார்க்கிற சோதனையாம். சோதிக்கிறவர்களில் பாதிப் பேர் நிற்கவே முடியாத நிலையில் இருப்பார்கள் என்பது வேறு விஷயம். அவள் மட்டும் கழுத்து விறைத்து, தோள் நனைந்து, முகம் சுளிக்காமல் நிற்க வேண்டும்.

குஷாலப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தான். சரிவில் தன் பங்கு நிலத்தில் விருந்தினர் விடுதி கட்டினான். கட்டியவன் தன் பங்கோடு நிற்காமல், கிணற்றையும் கல்வழியையும் சேர்த்து வேலி போட்டு, வழியில் இரும்புக் கதவு வைத்துவிட்டான். கிணற்றடியில் 'பழமையான இயற்கை ஊற்று' என்று ஒரு பலகை. பெங்களூர்க்காரர்கள் அதன் பக்கத்தில் கால்மேல் கால் போட்டுக் காப்பி குடித்தார்கள். கேட்டவர்களிடம், "இது எங்கப்பா காப்பி நாத்துக்காக வெட்டின கெணறு. குலக் கெணறு தூர்ந்து எந்தக் காலமோ ஆச்சு" என்றான்.

அது பொய் என்று தெரியாதவன் குலத்தில் ஒருவனும் இல்லை. சொல்கிறவன்தான் இல்லை. ஒருவனுடைய மகன் அந்த விடுதியில் மேனேஜர். இன்னொருவனுடைய மிளகை குஷாலப்பாதான் வாங்குகிறான். குலத்துக்கே மூத்தவர் திம்மையா, வெயில் இறங்கினால் குஷாலப்பாவின் வராந்தாவில் ஓசி பிராந்தியோடு உட்கார்ந்துவிடுவார். கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில் தீர்ப்பு வரும். ஆகவே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, கதவுக்கு வெளியே சுற்றுவழியில் நடக்கப் பழகிக்கொண்டார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

மாச்சய்யாவின் மகன் நாணையாவுக்குப் பெண் நிச்சயமானபோதுதான் இது வெடித்தது. மருமகள் குலக் கிணற்றில்தான் நீர் மொள்ளுவாள் என்று மாச்சய்யா சாப்பாட்டுத் தட்டைத் தட்டிச் சொன்னான்.

அவன் மனைவி கங்கம்மா கடம்புட்டு உருண்டையை அவன் தட்டில் வைத்தபடி, "மண்டபத்துல நீல டிரம்முல தண்ணி வெப்பாங்க. ஊரே அதுலதான் மொள்ளுது. உங்களுக்கு மட்டும் என்ன?" என்றாள்.

"எங்கம்மா அந்தக் கெணத்துல மொண்டா. நீ மொண்டே."

"மொண்டு என்னத்த வாழ்ந்துட்டேன்?"

மாச்சய்யா கையைக் கழுவினான். எழுந்து நேராக விடுதிக்குப் போனான். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் குஷாலப்பா நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு நாள் திறந்து விடு. கல்யாணத்தன்னிக்கு மட்டும்."

"ஒரு நாள் திறந்தா அது வழின்னு ஆயிடும் மாச்சா. வேணும்னா ரூம் எடுத்துக்கோ. ரூம் எடுக்கறவங்க எல்லாருக்கும் கெணறு காட்டறோம்."

அன்று மாச்சய்யா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நாய்கூட சோற்றை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது.

கேட்டால் கொடுக்க மாட்டான், அடித்தால் ஜெயில். கையில் இருப்பது காமிரா. குலத்தின் கதையை ஒரு டாகுமென்டரியாக எடுத்து, குல முன்னோரான காரணவர்களுக்குப் படையல் போடும் நாளில், மொத்தக் குலமும் ஐன்மனையில் கூடியிருக்கும்போது போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தான். பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறவர்கள், கண்ணால் பார்த்தபின் எப்படிச் சும்மா இருப்பார்கள் என்று பார்த்துவிடலாம்.

பழைய கல்யாண டேப்புகளுக்காக வீடு வீடாக ஏறினான். எடுத்தவன் அவன்தான், ஆனால் டேப் இருப்பது அவர்கள் அலமாரியில். ஒருத்தி, "அதுல என் முதல் புருஷன் இருக்கான், பெட்டியோட எரிச்சுட்டேன்" என்றாள். ஒருவன், "அந்த டேப்புல நான் தொட்டிக்குள்ள விழுந்தது இருக்கு. என் மருமகன் பார்த்தா மதிப்பானா?" என்று கதவைச் சாத்தினான். கிணற்றை வெட்டிய எரவப் பழங்குடிகளின் குடியிருப்புக்குப் போனான். அங்கே ஒரு கிழவர் காமிராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்க தாத்தன் வெட்டினதுதான். ஆனா நான் சொன்னா நாளைக்குக் கூலி யாரு தருவா, நீ தருவியா? போ சாமி" என்றார். மூத்தவர் திம்மையாவைப் பேட்டி எடுக்கப் போனால், அவர் வெற்றிலையை மென்றபடி காமிரா ஓடி முடியும் வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாச்சய்யா அதையும் படத்தில் சேர்த்தான்.

கெஞ்சியும் வைதும், இரண்டு வீட்டில் கேட்காமலே எடுத்தும், ஒரு கோணிப்பை நிறைய டேப் சேர்ந்தது. பூஞ்சை துடைத்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். எடுத்த காலத்தில் அவன் கண் மணப்பெண்ணின் மேல் இருந்தது. இப்போதுதான் அவளுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தான். இப்போது இஞ்சி போட்டு வெந்துபோய்க் கிடக்கிற பள்ளத்தில் அன்று நெல் நின்றது. வேலி இருக்கும் இடத்தில் ஆரஞ்சு மரங்கள் காய்த்துத் தொங்கின. பின்னாளில் பட்டாளத்தில் செத்துப்போன பையன்கள் துப்பாக்கியோடு வரிசையில் நின்றார்கள். கிணற்றைத் தேடப் போனவனுக்கு ஊரே கிடைத்தது. மாச்சய்யா கடையைப் பூட்டிக்கொண்டு, யாரும் பார்க்காத தைரியத்தில் அழுதான். அழுததற்காகத் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டான்.

அதில் ஒரு டேப் தங்கம். குஷாலப்பாவின் கல்யாணம். அவன் மனைவி தேச்சம்மா தலையில் குடத்தோடு கிணற்றடியிலிருந்து கிளம்புகிறாள். குலமே திரண்டு மறிக்கிறது. மறிக்க மறிக்க அவள் கல்லுக்கு ஒரு நிற்பாக நிற்கிறாள். அந்த ஆட்டத்தின் புண்ணியத்தில் கிணற்றிலிருந்து வாசல் வரை ஒரு கல் விடாமல் முழு வழியும் படத்தில் ஏறியிருந்தது. சர்வேக்காரன் வந்தாலும் இப்படி அளந்திருக்க மாட்டான். குஷாலப்பாவே குதித்துக் குதித்துத் தன் பொய்க்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான்.

படையல் நாள் வந்தது. காரணவர்களுக்குப் பன்றிக் கறியும் சாராயமும் வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு ஐன்மனையின் உள்சுவரில் வேட்டியைத் திரையாகக் கட்டி மாச்சய்யா படத்தை ஓட்டினான். தன் அம்மா இளம்பெண்ணாக ஆடுவதைப் பார்த்து ஒருவன் எழுந்து நின்றுவிட்டான். தேச்சம்மா கல்வழியில் ஏறி வரும் காட்சி ஓடியபோது, பலபேர் குனிந்து தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். மாச்சய்யாவுக்கு அது போதும். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான்.

விளக்கைப் போட்டதும் குஷாலப்பா எழுந்து கைதட்டினான்.

"அருமையா இருந்துச்சு மாச்சா. நானும் ஒண்ணு கொண்டாந்திருக்கேன். போடலாமா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினான். அதில் அவன் மைத்துனன் கல்யாணம். அந்தப் பெண்ணுக்குப் பின்னாலும் அதே பலாமரம், அதே கிணறு.

"இது அம்மத்தி. அங்க ஏதுடா இந்தக் கெணறு?" என்றான் குஷாலப்பா. அடுத்த காட்சி. "இது நாபோக்லு." அதற்கும் அடுத்தது. "இது மைசூர்ல ஒரு சத்திரம். மூணாவது மாடி. மூணாவது மாடியில கெணறு வெட்டின ஒரே ஆளு எங்க மாச்சாதான்."

ஐன்மனை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். பாவிகள் அப்படிச் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தொண்டையில் சிக்கிய முள் இறங்கிவிட்டது அவர்களுக்கு.

விஷயம் இதுதான். கல்யாணங்கள் வீட்டை விட்டு மண்டபத்துக்குப் போனபோது கிணறும் போய், நீல பிளாஸ்டிக் டிரம் வந்தது. டிரம் பக்கத்தில் பட்டுப்புடவையோடு நிற்க எந்தப் பெண்ணுக்கும் பிடிக்கவில்லை. அப்போது மிக்சிங் மிஷின் வந்திருந்தது. மாச்சய்யா டிரம்மைப் பச்சைத் துணியால் மூடிப் படம் எடுத்து, பிறகு அதன் இடத்தில் ஒரு கிணற்றை ஒட்டிக் கொடுத்தான். நாட்டிலேயே அழகான கிணறு அவன் குலத்துக் கிணறுதான். அதை எல்லாருக்கும் தாராளமாக ஒட்டினான். அதில் பெருமை வேறு. இதெல்லாம் ஒருநாள் தன் தலையில் விடியும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அது தொழிலு, இது சரித்திரம்" என்று மாச்சய்யா கத்தினான். "உன் கல்யாணத்தப்போ மிக்சிங் மிஷினே கெடையாதுடா."

"இருந்துச்சோ இல்லையோ, எவனுக்குத் தெரியும்? உன் கடைக்குள்ள நீதானே இருந்தே?"

மாச்சய்யா பெண்கள் பக்கம் திரும்பினான். அங்கே தேச்சம்மா தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் படத்தைப் பின்னுக்கு ஓட்டி, அவள் முகத்தில் நிறுத்தினான்.

"அண்ணி, இது நீங்க. நீங்களே சொல்லுங்க. எந்தக் கெணத்துல மொண்டீங்க?"

தேச்சம்மா தன் புருஷனை ஒரு முறை பார்த்தாள். "தலையில கொடம், கண்ணு தரையில. புதுப்பொண்ணு எந்தக் கெணத்தக் கண்டா?" என்றாள்.

வேட்டித் திரையில் நின்ற தேச்சம்மா தரையைப் பார்க்கவில்லை. நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவர் திம்மையா தொண்டையைச் செருமினார். "படத்த நிறுத்து. கறி ஆறுது."

தீர்ப்பு அவ்வளவுதான். மாச்சய்யா சுவரிலிருந்த வேட்டியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு, சாப்பிடாமல் போனான். அதன் பிறகு அவன் கடைத்தெருவில் நடந்தால், "மாச்சா, எங்க வீட்டுக் கொல்லைக்கு ஒரு கெணறு வேணும், எப்ப வர்றே?" என்று கேட்டார்கள். ஒருவன் மீன்கடையில் நின்று கேட்டபோது, மாச்சய்யா மத்தியை எடுத்து அவன் முகத்தில் வீசினான். அதுவும் ஒரு கதையாகப் பரவியது.

நாணையாவின் கல்யாணம் மண்டபத்தில்தான் நடந்தது. கங்கம்மா ஜெயித்தாள், ஆனால் அதைச் சொல்லிக் காட்டவில்லை. மாச்சய்யா கறுப்பு அங்கியும் சிவப்புப் பட்டு இடைக்கச்சையும் பீச்சக்கத்தியும் அணிந்து, சுவரோடு சுவராக நின்றான். குலம் முழுக்க வந்திருந்தது, குஷாலப்பாவும் தேச்சம்மாவும் உட்பட. எவ்வளவு பகை இருந்தாலும் குலத்துக் கல்யாணத்துக்கு வராமல் இருக்க முடியாது. பன்றிக் கறியோடு யாருக்கும் பகை கிடையாது.

மண்டபத்தின் பின்முற்றத்தில் நீல டிரம் வைத்திருந்தார்கள். மைசூரிலிருந்து வந்த படக்காரர்கள் அதன் மேல் பச்சைத் துணியை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா இது?" என்றான் மாச்சய்யா.

"அப்புறமா கெணறு வெச்சுடுவோம் சார். பலாமரத்தோட சூப்பரா ஒண்ணு இருக்கு. குடகுல எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாச்சய்யாவின் காது இரண்டும் சிவந்தன. அவன் போய்ப் பச்சைத் துணியைப் பிடித்து இழுத்து எறிந்தான். டிரம் தன் நீல நிறத்தோடும், பக்கத்தில் ஒட்டியிருந்த விலைச் சீட்டோடும் பட்டப்பகலில் நின்றது.

"டிரம்மு டிரம்மாவே இருக்கட்டும். நாளைக்கு எம்பேரன் பார்த்து, ஏன் தாத்தா நமக்கு ஒரு கெணறு இல்லையான்னு கேக்கட்டும். கேட்டா சொல்றேன்."

பிறகு படக்காரன் கையிலிருந்த காமிராவைப் பிடுங்கித் தோளில் வைத்தான்.

"அப்பா, மானம் போகுது" என்றான் நாணையா.

"போனது போச்சு, நீ தள்ளி நில்லு."

மாப்பிள்ளையின் அப்பன் பட்டுக் கச்சையோடு காமிரா தூக்கி நிற்பதைக் குடகு அன்றுதான் பார்த்தது. வாலகம் முழங்கியது. மருமகள் பிந்து டிரம்மில் நீர் மொண்டாள். பெண்கள் குடத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்கள். அவள் நடக்கத் தொடங்கியதும் ஆட்டக்காரர்கள் மறித்தார்கள். ஆட்டத்தில் குஷாலப்பாவும் இறங்கினான். வயதில் மூத்தவன், அவனுக்கு உரிமை உண்டு. மற்றவர்கள் ஆடிவிட்டு ஒதுங்கினார்கள். அவன் ஒதுங்கவில்லை. மாச்சய்யாவைப் பார்த்துக்கொண்டே கையை விரித்து ஆடினான். பிந்து இடதுபக்கம் போனால் இடதுபக்கம், வலதுபக்கம் போனால் வலதுபக்கம். மதிய வெயில் உச்சந்தலையில் இறங்கியது. குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் கண்ணில் வழிந்தது. துடைக்கக் கையில்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாச்சய்யாவுக்குக் காமிராவைக் குஷாலப்பாவின் மண்டையில் போடலாம் என்று இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்காமல் எடுத்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேச்சம்மா வந்தாள்.

"போதும், விடுங்க அவள." அவள் புருஷனுக்கும் பிந்துவுக்கும் நடுவில் வந்து நின்றாள். "என்னைப் படுத்தினது பத்தாதா? ஐன்மனைக் கெணத்தடியிலேருந்து வாசல் வரைக்கும், கல்லுக்குக் கல்லு நிறுத்தி வெச்சீங்க. நீங்க, உங்கப்பா, உங்க சித்தப்பா அத்தனை பேரும். அந்தப் பலாமரத்தப் புடிச்சுக்கிட்டு அழுதேன். ஒருத்தன் நகரல. மழை வந்தா இன்னிக்கும் இந்தக் கழுத்து வலிக்குது எனக்கு."

வாலகக்காரன் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டான். சொன்னது என்ன என்று சொல்லி முடித்த பிறகுதான் தேச்சம்மாவுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொள்ளப் போனவள், பொத்திக்கொள்ளாமல் கையைக் கீழே இறக்கிவிட்டாள். மூத்தவர் திம்மையா வானத்தைப் பார்க்க மறந்துபோய் அவளையே பார்த்தார். முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மாச்சய்யா வாழ்க்கையில் முதல்முறையாக வாயைத் திறக்காமல் இருந்தான். டிரம்மிலிருந்து தேச்சம்மாவுக்கும், அவளிடமிருந்து குஷாலப்பாவுக்கும் காமிராவை மெதுவாகத் திருப்பினான்.

விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் குஷாலப்பா அப்படியே நின்றான்.

"மாச்சா," என்றான் தாழ்ந்த குரலில். "அத வெட்டிடு."

"வெட்டினா மிக்சிங்னு சொல்லுவியே" என்றான் மாச்சய்யா.

பிந்து குடத்தோடு குஷாலப்பாவைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.